காமாட்சிக்குக் காது குத்திய நாள்

இன்றைக்குக் காலையில் மொட்டைத் தலையில் பூசிய சந்தனத்தின் வாடை வந்தது. அப்போதுதான் அரைத்த சந்தனம். கொஞ்சம் ஈரமும் பிள்ளையின் தலைச்சூடும் கலந்திருந்தது அதில். காமாட்சியின் பேத்திக்கு முடியிறக்கிக் காது குத்தினார்கள். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கண் எனக்கு இப்போது சரியாகத் தெரிவதில்லை. மூக்கு மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அந்த வாடை ஏறியதும் மேளம், மைக் செட், பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் தண்ணீருக்குள் போனதுபோல் அமுங்கிப்போயின. வேறொரு மொட்டைத் தலை என் நெஞ்சில் சாய்ந்திருந்தது. எதிரே நீ நின்றிருந்தாய்.

நீ போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பட்டும் என்றுதான் விசேஷத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். திரும்பிவிட்டது. உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லக் காமாட்சிதான் எழுதுகிறாள். உன் மகளுக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

"மாமா, நீங்க பேசுறதை அப்படியே எழுதவா, புத்தகத்துல இருக்குற மாதிரி எழுதவா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவள் அல்லவா. 

"உங்கம்மாவுக்குக் காது குளிர வாசிச்சுக் காட்டுவியே, அந்த மாதிரி எழுது" என்றேன்.

எரியோட்டுப் பக்கத்திலிருந்து புகையிலைச் சிப்பம் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு விடியலில்தான் உன்னை முதலில் பார்த்தேன். பாதை ஓரத்துப் புளியமரத்தின் கீழே நின்றிருந்தாய். இடுப்பில் பிள்ளை. ஒரு கண் திறந்திருந்தது, இன்னொன்று வீங்கி மூடியிருந்தது. பனி இன்னும் விலகவில்லை. மாடுகள் உன்னைக் கண்டு தாமாகவே நடையைத் தளர்த்தின. வண்டியை நிறுத்தியது நானா மாடுகளா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"வண்டி திண்டுக்கல்லுக்கா?"

"ஆமா."

"பிள்ளைய மட்டும் ஏத்திக்கிருங்க. நான் பின்னால நடந்து வாரேன்."

"மாட்டுக்கு நீ ஒரு பாரமா? ஏறும்மா."

சிப்பங்களின் மேலே ஏறி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாய். யாராவது துரத்தி வருகிறார்களா என்று பார்த்தாய்போல. நான் முன்பக்கம் பார்த்து ஓட்டினேன். நம் இரண்டு பேர் முதுகுக்கும் நடுவில் அம்புட்டுப் புகையிலையும் ஓலைப்பாய்க் கட்டுக்குள் இனிப்பாக வாசனை விட்டுக்கொண்டு கிடந்தது. பிள்ளை அந்த வாசனையில் சொக்கித் தூங்கிப்போனது. தூரத்தில் மலைக்கோட்டை, யாரோ தலைவைத்து எழுந்து போன தலையணைபோல் கிடந்தது. அதற்கும் பின்னால் சிறுமலை நீலமாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நின்றது. அந்தப் பாதை முடியவே கூடாது என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. காரணம் கேட்டிருந்தால் மாடு களைத்திருக்கிறது, மெல்லப் போகலாம் என்று சொல்லியிருப்பேன்.

பாதி வழியில் நீயாகப் பேசினாய். என்னைப் பார்த்து அல்ல, பாதையைப் பார்த்து.

"அடிக்கிறப்பல்லாம் ஒன்னே ஒன்னுதான் கேப்பாரு. 'உன்னைய என்னன்னு கேக்க எவன்டி இருக்கான்?' அம்புட்டுத்தான். அதுக்கு என்கிட்டப் பதிலே இருந்ததில்ல."

தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள், கூடப் பிறந்தவர் யாரும் இல்லை என்றாய். பிள்ளைக்குக் காது குத்தாமல் கிடக்கிறது என்றாய். மடியில் வைக்கத் தாய்மாமன் இல்லை, சீர் கொண்டுவர ஆள் இல்லை. அதைச் சொல்லியே மாமியார் வீட்டில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு பாட்டம் அடி. உன் குரலில் அழுகை இல்லை. ஊர் வழக்கத்தை வெளியூர்க்காரனுக்குச் சொல்வதுபோல் சொன்னாய்.

சிப்பம் இறக்கி அடுக்குகிற புகையிலைக் கிட்டங்கி வாசலில் வண்டியை நிறுத்தியபோது, இலையிலிருந்து நரம்பு உரிக்கிற பெண்களுக்குத் தலைவியாக இருந்த அந்தோணியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறதா?

"ஏலே, சிப்பத்தோட சேத்து ஒரு பொம்பளையையும் இறக்குற?"

"வேலை கேக்குதுக்கா. இருக்க இடமும் கேக்குது."

பக்கத்தில் வந்து உன் முகவாயைத் தூக்கிப் பார்த்தாள். "எந்தக் கட்டையில போறவன்டி இந்தக் கண்ணை இப்படிப் பண்ணுனது? சரி, வா உள்ள. கஞ்சி இருக்கு. ஏலே, நீ என்னத்தப் பாக்குற? மாட்டை அவுத்துத் தண்ணி காட்டு!"

அவள் குடியிருந்த வரிசை வீட்டிலேயே கடைசி வீடு உனக்குக் கிடைத்தது. கிட்டங்கியில் தூணுக்குத் தூண் சாக்குத் தொட்டில் கட்டியிருக்கும். அதில் ஒன்றில் காமாட்சி ஆடினாள். கருப்பட்டிப் பாகு காய்ச்சிப் புகையிலையில் தெளிக்கிற நாளில் தெருவே தித்திக்கும். இப்போதும் கருப்பட்டி காய்கிற வாடை எங்கே வந்தாலும் நான் செத்த நேரம் நின்றுவிடுகிறேன்.

சிப்பம் இறக்க வரும்போதெல்லாம் உன் வீட்டு வாசலில் ஏதாவது வைத்துவிட்டுப் போவேன். ஆத்தூர்ப் பக்கம் லோடு போனால் கொய்யா. எரியோட்டுப் பக்கம் என்றால் வெள்ளரிப்பிஞ்சு. காமாட்சி நடக்கப் பழகியிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து மாட்டின் கழுத்து மணியைப் பிடித்துத் தொங்குவாள். நீ கதவோரம் நின்று, "இந்தாங்க, மாடு மிதிச்சிராமப் பாத்துக்கங்க" என்பாய். என்னை நீ எப்போதும் "இந்தாங்க" என்றுதான் கூப்பிட்டாய். உறவு ஒன்றும் வைக்கவில்லை. அண்ணே என்றும் சொல்லவில்லை, பேரும் சொல்லவில்லை. அந்த இடத்தை நீ காலியாகவே வைத்திருந்தாய். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு மத்தியானம் சோறும் சுண்டைக்காய் வெஞ்சனமும் வைத்துக் கொடுத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்காராமல் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றாய். உன் வளையல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மெல்லச் சாப்பிட்டேன்.

விசாரித்தும் பார்த்திருந்தேன். உன் கூட்டமும் என் கூட்டமும் பெண் கொண்டு கொடுக்கிற முறைதான். நம்மவர்களுக்குள் அறுத்துக் கட்டுவதும் புதிது இல்லை. பெரியவர்கள் முன்னால் புருஷன் துரும்பைக் கிள்ளிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. பெண் வேறு வீடு போகலாம். அந்தத் துரும்பு எந்த நாள் வரும் என்றுதான் நான் காத்திருந்தேன். வாயைத் திறந்து உன்னிடம் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை.

மூன்று வருஷம் ஆகியும் துரும்பு வரவில்லை. ஆள்தான் வந்தார்.

கிட்டங்கிக்குள் நேரே புகுந்து, தூணோரம் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தார். "இது என் ரத்தம். நீ எங்கிட்டோ போய்த் தொலை. பிள்ளைய விட்டுட்டுப் போ." அவர் உன் கூந்தலைப் பிடித்தபோது அந்தோணியம்மா எழுந்தாள். எழுந்தவள் சத்தம் போடவில்லை. சலித்து வைத்திருந்த புகையிலைத் தூளை முறத்தோடு எடுத்து அவர் முகத்தில் கொட்டிவிட்டாள்.

"பத்தலைன்னா சொல்லுப்பா. இன்னொரு முறம் இருக்கு."

தும்மிக்கொண்டே தெருக்கோடிவரை போனார். கிட்டங்கியே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையை விட்டுக் கை எடுக்கவில்லை.

கொஞ்ச நாளில் கோர்ட்டிலிருந்து ஆள் வந்தான். பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவர் வழக்குப் போட்டிருந்தார். துரும்பும் கிடையாதாம், உன்னை விடவும் மாட்டாராம், வைத்து வாழவும் மாட்டாராம். நாம் வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். வயதானவர், தொண்டை கட்டிய குரல். அந்தோணியம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள், நீ தரையில் உட்கார்ந்தாய், நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன்.

"அடிச்சதுக்குச் சாட்சி இருக்கு. தனியா வாழறதுக்குத் தீர்ப்பு வாங்கிரலாம்" என்றார் வக்கீல். "அது ஆகி ரெண்டு வருஷம் ஒண்ணு சேராம இருந்தா, முழுசாவே அத்துவிடச் சொல்லிக் கேக்கலாம். இப்ப புதுசா சட்டம் வந்திருக்கு. பிள்ளை விஷயம்தான் கஷ்டம். அஞ்சு வயசு வரைக்கும் தாய்கிட்ட இருக்கணும்னு சட்டமே சொல்லுது. அதுக்கு மேல தகப்பனுக்குத்தான் முதல் பாத்தியதை. உன் பிள்ளைக்கு அஞ்சு நெருங்குது."

"குடிச்சுட்டு அடிக்கிற ஆளுகிட்டயா குடுப்பாங்க?" என்றாள் அந்தோணியம்மா.

"பிள்ளைக்கு எது நல்லதுன்னு ஜட்ஜ் பார்ப்பார். அதனாலதான் அவங்க வக்கீல் அடியைப் பத்திப் பேசவே மாட்டார். ஒண்ணே ஒண்ணுதான் கேட்பார்." வக்கீல் என்னைப் பார்த்தார். "'தனியா இருக்குற இந்தப் பொம்பளை வீட்டுக்கு ஒரு வண்டிக்காரன் வந்து போறானே, அவன் யாரு? பொம்பளைப் பிள்ளை அந்த வீட்டுலயா வளரணும்?' இதுக்கு நம்மகிட்டப் பதில் இருக்கா?"



"அண்ணன்னு சொல்லிட்டுப் போறான்" என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா.

"கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணணும்யா. பொய்ச் சாட்சிக்கு நான் ஆள் இல்லை."

"எனக்கும் பொய் வராதுங்க ஐயா" என்றேன். உண்மையிலேயே வராது. மாட்டு வியாபாரத்துக்கே லாயக்கில்லாதவன் என்று என் அப்பன் திட்டுவார்.

மறுநாள் நான் குளத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்திருந்தது. மலைக்கோட்டையின் நிழல் தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடந்தது. நீ கரையில் இறங்கி வந்தாய். தனியாக என்னைத் தேடி நீ வந்தது அதுதான் முதல் தடவை. 

"காமாட்சிக்குக் காது குத்தணும்" என்றாய். "நீங்க மடியில வைக்கிறீங்களா?"

வைக்கோல் பிரி என் கையிலேயே இருந்தது. மாடு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது, ஏன் தேய்ப்பதை நிறுத்திவிட்டான் என்று.

"வச்சா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். நான் யோசிக்காம கேக்கல."

"நான் இனிமே இந்தத் தெருப் பக்கமே வராம இருந்துட்டா?"

"வராம இருந்தா, வந்தது தப்புன்னு நாமளே சொன்னதா ஆயிரும். அதோட, கேக்க ஆள் இல்லாதவதான்னும் ஆயிரும்."

தண்ணீரில் இறங்கி, மாட்டின் மறுபக்கம் வந்து நின்றாய். சேலை முழங்கால்வரை நனைந்தது. மாட்டின் முதுகில் கையை வைத்தாய். என் கையும் அந்த முதுகில்தான் இருந்தது. நடுவில் ஒரு சாண் ஈரத்தோல்.

"மாட்டேன்னு சொன்னாலும் நான் கோவிச்சுக்கிட மாட்டேன்."

"நான் மாட்டேன்னு சொல்லணும்னு உனக்கு இருக்கா?" என்று கேட்டேன். எங்கிருந்து எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததோ.

நீ குனிந்து தண்ணீரைப் பார்த்தாய். "இருக்கு" என்றாய். "அதைக் கேட்டா பிள்ளை போயிரும்."

இந்த இடத்தில் காமாட்சி பேனாவை நிறுத்திவிட்டாள். வெளியே சமையல்காரர்கள் அண்டா கழுவுகிறார்கள். மூக்கை உறிஞ்சிவிட்டு, "அம்மா இதை மட்டும் என்கிட்டச் சொன்னதில்ல, மாமா" என்றாள். "மத்ததெல்லாம் சொல்லியிருக்காங்க. குளத்தைப் பத்திச் சொன்னதே இல்ல." பிறகு, "சொல்லுங்க, எழுதுறேன்" என்றாள். நீ வளர்த்த பிள்ளை.

தெருக்கோடிக் காளியம்மன் கோயிலில் நாள் வைத்தோம். மாமன் சீர் என்று நான் கொண்டுவந்த தாம்பாளத்தில் பச்சைப் பட்டுப் பாவாடை, வளையல், பொன் கம்பி, சிறுமலைப் பழம் ஒரு சீப்பு, தேங்காய். தெருவே கூடியிருந்தது. கூட வேண்டும் என்றுதான் அந்தோணியம்மா வீடு வீடாகப் போய் அழைத்திருந்தாள். முடியிறக்கி, தலையில் சந்தனம் பூசிக் காமாட்சியைக் கொண்டுவந்தார்கள். முடி போனதில் அவளுக்குக் கோபம். யாருடனும் பேசவில்லை.

"தாய்மாமன் யாருப்பா? முன்னால வந்து உக்காரு" என்றார் காது குத்துகிற ஆசாரி.

நான் போய் மணையில் உட்கார்ந்தேன். தெருப் பெரியவர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். நம்மவர்தான், முறை தெரிந்தவர்.

"இரு அப்பு. நீ இவளுக்கு எப்படி அண்ணன்? கொண்டு கொடுக்கிற கூட்டமில்ல நீ?"

"ஆமா."

"இன்னைக்கு மடியில வச்சுட்டா, வச்சதுதான். நாளைக்குத் துரும்பு கிடைச்சிருச்சு, கோர்ட்டுல அத்துவிட்டாங்கன்னு பேச்சு மாறக் கூடாது. ஊரு ஒத்துக்கிறாது, காளியாத்தாளும் ஒத்துக்கிற மாட்டா. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மாறாது."

"நீ சொல்லு தாயி. இவன் யாரு உனக்கு?"

கூட்டம் உன்னைப் பார்த்தது. நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த தாம்பாளத்துப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நடந்து வந்து, பிள்ளையை என் மடியில் உட்கார வைத்தாய். 

அந்தச் சின்ன உடம்பின் கனம் இடது தொடையில் இறங்கியது. சந்தனத் தலை என் நெஞ்சில் வந்து சாய்ந்தது. அவளுடைய கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். கம்பி ஏறியதும் போட்டாளே ஒரு சத்தம், கோயில் கூரையிலிருந்த புறாவெல்லாம் பறந்தன. அத்தோடு என் புது வேட்டியை நனைத்தும் விட்டாள். சுடச்சுட.

"பாருங்கடி, மாமனுக்கு மருமக செய்ற முதல் சீரை!" என்று அந்தோணியம்மா கத்தினாள். தெருவே சிரித்தது. ஆசாரி சிரித்துச் சிரித்து இன்னொரு காதுக்குக் கை நிலைக்காமல் உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வருவதை யாரும் கேட்க மாட்டார்கள், பார்.

எல்லாம் முடிந்ததும் நீ கையை நீட்டினாய். "அண்ணே, பிள்ளையத் தாங்க."

காலியாக வைத்திருந்த இடம் நிறைந்துவிட்டது. தெளிவாகத்தான் சொன்னாய். குரல் பிசிறவில்லை. பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தேன். அதன் பிறகு நீ ஆயுசுக்கும் அந்த ஒரு சொல்லை மாற்றவில்லை.

வாய்தா மேல் வாய்தாவாகப் போய், என்னைக் கூண்டில் ஏற்றிய நாளும் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒல்லியான ஆள். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"உனக்கும் இந்தம்மாவுக்கும் என்ன?"

"என் தங்கச்சிங்க."

"கூடப் பிறந்த தங்கச்சியா?"

"இல்லைங்க. அவ பிள்ளைய மடியில வச்சுக் காது குத்துனேங்க."

கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. சிரிப்பு வக்கீல் முகத்தில் அப்படியே நின்றுபோனது. அவரும் இந்தச் சீமைக்காரர்தான், காது குத்தியவர்தான். ஜட்ஜ் எழுதிக்கொண்டிருந்ததை விட்டு நிமிர்ந்தார்.

"யார் யார் பார்த்தாங்க?"

"தெருவே பார்த்துச்சுங்க எசமான்."

"அப்படின்னா இந்தப் பிள்ளைக்கு உன் பொறுப்பு என்ன?"

"கல்யாணம் வரைக்கும் சீர் என்னதுங்க. யாரும் அடிச்சா ஏன்னு கேக்கறதும் என்னதுங்க."

அதற்கு மேல் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தோணியம்மா ஏறிக் கண் வீங்கியிருந்ததைச் சொன்னாள். புகையிலைத் தூளையும் சேர்த்துச் சொல்லப் போனாள், நம் வக்கீல் இருமித் தடுத்துவிட்டார். தீர்ப்பு வந்தது. நீ தனியாக வாழலாம். பிள்ளை உன்னிடம் இருக்கும். தகப்பன் நல்ல நாள் பெரிய நாளில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

வராந்தாவில் அவர் நம் எதிரே வந்தார். உன்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் வாய் தானாகத் திறந்தது. "உன்னைய என்னன்னு கேக்க எவன்டி..." அதற்குள் பின்னால் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். மிச்சத்தை விழுங்கிக்கொண்டு போனார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னாலும் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. அந்த மனுஷன் இரண்டு மூன்று திருவிழாவுக்குப் பொரிகடலையோடு வந்து பிள்ளையை எட்ட நின்று பார்த்துவிட்டுப் போனார். பிறகு வருவது நின்றுபோனது.

முழுசாக அத்துவிட்ட தீர்ப்பு அதற்கும் பிந்தித்தான் வந்தது. வக்கீல் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். 

"இனி நீ சுதந்திர மனுஷிம்மா. இஷ்டப்பட்டவரைக் கட்டிக்கலாம். பிள்ளையைக் காட்டி யாரும் மிரட்ட முடியாது" என்றார்.

நீ கும்பிட்டாய். நானும் கும்பிட்டேன். வெளியே வந்து வண்டி பூட்டினேன். காமாட்சி பள்ளிக்கூடம் விட்டு வந்து கோர்ட்டு வாசலிலேயே காத்திருந்தாள், தாவி ஏறிக்கொண்டாள். முதல் நாள்போலவே நீ பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாய், நான் முன்பக்கம் பார்த்து ஓட்டினேன். இந்தத் தடவை நடுவில் புகையிலை இல்லை, பிள்ளை இருந்தாள். காதில் பொன் கம்பி வெயிலில் மினுங்கியது. மலைக்கோட்டை மெல்ல நகர்ந்துகொண்டே வந்தது. மாடுகள் தூக்கத்தில் நடப்பதுபோல் நடந்தன. அந்தப் பாதையும் முடியக் கூடாது என்றுதான் இருந்தது. ரொம்ப தூரம் போன பிறகு நீ கேட்டாய்:

"முன்னால வெயில் அடிக்குதாண்ணே?"

"அடிக்கல."

"அடிச்சா சொல்லுங்க. முந்தானைய நனைச்சுத் தாரேன்."

அம்புட்டுத்தான் பேசினோம். 

எனக்குப் பெண் பார்த்ததும் நீதான். "எங்கண்ணனுக்குப் பொய் பேசத் தெரியாது. அதுக்கு ஒத்துக்கிற பிள்ளையா வேணும்" என்று சொல்லித் தேடினாயாம்; எனக்கு வாய்த்தவளே பிறகு சொல்லிச் சிரிப்பாள். தாலி கட்டிய அன்றைக்கு, நான் முதல் முடிச்சுப் போட்டதும், மற்ற முடிச்சுகளைப் போட நாத்தனாராக நீ பின்னால் வந்து நின்றாய். குனிந்திருந்த அவள் கழுத்துக்குப் பின்னால் உன் விரல்கள் என் விரல்களிடமிருந்து மஞ்சள் கயிற்றை வாங்கின. இறுக்கமாகப் போட்டாய். அவிழாத முடிச்சு. நல்ல மனுஷி அவள். என்னைச் சிரிக்க வைத்தாள். நான் அவளுக்குக் குறை வைக்கவில்லை. உனக்கு அது தெரியும். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அவள் முதலில் ஓடி வருவது உன்னிடம்தானே. நீ அவள் பக்கமே பேசுவாய்.

நீ வேறு கட்டிக்கொள்ளவில்லை. கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். அண்ணன் என்ற முறையில் என்னிடம்தான் வந்து கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் உன்னிடம் வந்து சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீ, "பிள்ளைக்குப் பரீட்சை வருதுண்ணே" என்றாய்.

காமாட்சி பெரிய மனுஷியானபோது மாமன் முறைக்கு நான்தான் பச்சை ஓலைக் குடிசை கட்டினேன். கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்தேன். கோர்ட்டில் சொன்னதில் ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. அடித்தால் கேட்பேன் என்றேனே, அதற்கு மட்டும் வேலை வரவில்லை. நல்ல மாப்பிள்ளை.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கண்ணை மூடியே கிடந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறாயோ என்று காதைக் கொண்டுபோனேன். 

"பிள்ளைய மட்டும் ஏத்திக்கிருங்க" என்றாய். எந்தப் பாதையில் நின்றுகொண்டிருந்தாயோ. 

"நீயும் ஏறு தாயி" என்றேன். கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். முகம் தெளிந்தது.

இன்றைக்குக் காதில் கம்பி ஏறியதும் காமாட்சியின் பேத்தி வீறிட்டாள். அவளுக்கு மாமன் காமாட்சியின் மகன். அவன் மடியில்தான் இருந்தாள். அவனுக்கு முதல் தடவை, திணறினான். "வேட்டியப் பார்த்துக்கப்பா" என்று நான் குரல் கொடுத்தேன். நான் ஏன் சொன்னேன் என்று அங்கே இருந்தவர்களில் காமாட்சி ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தோளில் கைவைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு இடது தொடையில் அந்தச் சூடு திரும்ப வந்தது. பொய் இல்லை, வேட்டியைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

சொல்ல வேண்டியது அம்புட்டும் சொல்லிவிட்டேன். காமாட்சி கேட்கிறாள்: "மாமா, கீழ யாரு எழுதுறதுன்னு போடணும். என்னன்னு போடட்டும்?"

கொஞ்சம் யோசித்தேன். அவளும் அவசரப்படுத்தவில்லை. நான் என்ன சொன்னாலும் எழுதக்கூடியவள்தான். அவள் குரலிலேயே அது தெரிந்தது. ஒன்றும் போடாமல் காலியாக விடச் சொல்லலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. நீ ஒரு காலத்தில் வைத்திருந்தாயே, அந்த மாதிரி.

"அண்ணன்னே போடு" என்றேன். "சத்தியம் பண்ணிச் சொன்னது."